எந்த இடத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும்

மேலாளர்கள் கூட்டங்களில் ஓர் எண் திரும்பத் திரும்ப அடிபடுகிறது. ஏஐ உதவியாளர் கையில் இருந்தால் நிரலாளர் 55 சதவீதம் வேகமாக வேலை செய்வார் என்கிறார்கள். ஒரு ஸ்லைடில் இதைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு அடுத்த ஸ்லைடில் ஆள்கணக்கைக் குறைத்துக் காட்டுவார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தவர்கள் அந்த அறையில் அநேகமாக இருக்க மாட்டார்கள்.

அது கிட்ஹப் கோபைலட் என்ற ஏஐ உதவியாளரை வைத்து நடந்த ஒரு சோதனையிலிருந்து வந்தது. 95 நிரலாளர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஓர் எச்டிடிபி சர்வர், அதாவது இணையக் கோரிக்கைகளுக்குப் பதில் அனுப்பும் நிரல், எழுதச் சொன்னார்கள். உதவியாளர் இருந்தவர்களுக்குச் சராசரியாக 1 மணி 11 நிமிடம் ஆனது. இல்லாதவர்களுக்கு 2 மணி 41 நிமிடம். கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெற்றுக் கோப்பைத் திறந்து ஒரு சர்வரை அடியிலிருந்து எழுதும் வேலைக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? எங்கள் வேலையில் பெரும்பகுதி, யாரோ என்றோ எழுதிவிட்டுப் போனதன் உள்ளே நுழைந்து, எதையும் உடைக்காமல் ஒரு வரியை மாற்றிவிட்டு வெளியே வருவதுதான்.

அப்படிப்பட்ட வேலையை அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். எம்.இ.டி.ஆர். என்ற ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் வெளியிட்ட ஆய்வில் 16 அனுபவசாலிகள் கலந்துகொண்டார்கள். பல ஆண்டுகளாகத் தாங்களே பராமரித்துவரும் பெரிய திறமூல மென்பொருள்களில் 246 வேலைகளைச் செய்தார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஏஐ உண்டா இல்லையா என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். 24 சதவீதம் வேகம் கூடும் என்று தொடங்கும் முன் சொன்னவர்கள், முடிந்த பிறகு 20 சதவீதம் கூடியது என்றார்கள். கடிகாரமோ 19 சதவீதம் நேரம் அதிகமாக ஆனது என்று காட்டியது. எனக்கு அந்த 19-ஐவிட 20-தான் பெரிய செய்தி. பல வருடம் இந்தத் தொழிலில் ஊறியவர்களுக்கே தங்கள் வேகம் தங்களுக்குத் தெரியவில்லை. திரையில் வரிகள் மளமளவென்று விழும்போது வேலை நடப்பதுபோல் இருக்கிறது. அதைப் படித்து, சந்தேகப்பட்டு, திருத்தி, திரும்பக் கேட்டு உட்கார்ந்திருக்கும் நேரம் கணக்கில் ஏறுவதில்லை.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. மைக்ரோசாஃப்ட், அக்சென்சர், இன்னொரு பெரிய நிறுவனம் ஆகிய மூன்றிலும் 4,867 பேரை வைத்து நடந்த கள ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உதவியாளர் பெற்றவர்கள் முடித்த வேலைகள் சுமார் 26 சதவீதம் கூடியிருந்தன. அதிகப் பலன் அனுபவம் குறைந்தவர்களுக்குத்தான் கிடைத்தது.

இந்த மூன்றையும் படிக்கும் நிர்வாகி உடனே ஒரு முடிவுக்கு வருவார்: பழையவர்களுக்கு எப்படியோ போகட்டும், புதியவர்களுக்கு இது வரப்பிரசாதம், வந்த நாளிலேயே கையில் கொடுத்துவிடலாம். நான் இதை ஏற்கவில்லை. சென்னையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில், ஆண்டுதோறும் கல்லூரியிலிருந்து நேராக வருபவர்களைப் பழக்கும் வேலை என்னுடையது. புதியவரை நாங்கள் எடுப்பது அந்த வருடம் அவர் முடிக்கும் டிக்கெட்டுகளுக்காக, அதாவது ஒதுக்கப்படும் சின்னச் சின்ன வேலைகளுக்காக அல்ல. மூன்றாவது வருடத்தில், நள்ளிரவில் ஒரு வாடிக்கையாளரின் கணக்கு ஒத்துவராதபோது, எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்த ஓர் ஆள் வேண்டும். அதற்காகத்தான் எடுக்கிறோம். முதல் வருடத்து 26 சதவீதம் அந்த ஆளை உருவாக்குமா, உருவாகவிடாமல் செய்யுமா என்பதுதான் கேள்வி.

ஏனென்றால் இந்தத் தொழிலை யாரும் யாருக்கும் பாடமாக நடத்தியதில்லை. எல்லோரும் எங்கேயாவது மாட்டிக்கொண்டு, முழித்து, வெளியே வந்துதான் கற்றுக்கொண்டோம். உதவியாளர் பறிப்பது அந்த மாட்டிக்கொள்ளும் நேரத்தை. அதில் எதைப் பறிகொடுக்கலாம், எதைப் பறிகொடுக்கக் கூடாது என்று பிரித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். குழுத் தலைவருக்கு இன்று மிச்சமிருக்கும் உண்மையான வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

பறிகொடுக்க வேண்டியது ஏராளம். ஜாவாவை நிறுவிவிட்டு, கணினி அதைத் தேடும் பாத் சரியாக அமையாமல் சனி, ஞாயிறு முழுக்கத் தொலைத்த தலைமுறை நாங்கள். அதில் நாங்கள் கற்றது எதுவும் இல்லை. இரண்டு நூலகங்களின் (பிறர் எழுதித் தந்த நிரல் தொகுப்புகளின்) பதிப்புகள் ஒத்துப்போகாமல் நிற்பது, டாக்கர் கோப்பில் ஒரு இடைவெளி பிசகியிருப்பது, ரெகுலர் எக்ஸ்பிரஷனில் ஓர் அடைப்புக்குறி குறைவது, இணையப் பக்கத்தில் ஒரு பெட்டியை நடுவில் நிறுத்தச் சிஎஸ்எஸ்ஸோடு மல்லுக்கட்டுவது ஆகியவை அறிவை வளர்க்கும் என்று சொல்பவர்கள், தாங்கள் பட்ட கஷ்டத்தை மற்றவரும் படட்டும் என்றுதான் சொல்கிறார்கள். இவற்றையெல்லாம் உதவியாளரிடம் தள்ளிவிடலாம். ஒரு நொடிகூட வருந்த வேண்டாம்.

பழைய நிரலைப் படிப்பதற்கும் இதைப்போல வேறொரு துணை எனக்குக் கிடைத்ததில்லை. எங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் மொத்த வியாபாரிகள். அவர்களிடம் விஷுவல் பேசிக் 6-இல் எழுதிய பில்லிங் மென்பொருள்கள் இன்னும் ஓடுகின்றன. அந்த மொழியில் நிரல் எழுதும் கருவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008-இலேயே நிறுத்திவிட்டது. கடைத்தெருவுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. எழுதியவர் இன்று எந்த ஊரில் என்ன செய்கிறார் என்று யாருக்கும் தெரியாது. விளக்கக் குறிப்பு ஒரு வரிகூடக் கிடையாது. அப்படி ஒரு தள்ளுபடிக் கணக்கை உதவியாளரிடம் கொடுத்து, ‘இது என்ன செய்கிறது, எந்தெந்த இடத்தில் பிழையை விழுங்குகிறது என்று மட்டும் சொல், திருத்தாதே’ என்றேன். பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போகச் சொல்லும் கட்டளை அந்த மொழியில் உண்டு. அந்தக் காலத்து நிரலாளர்கள் அதைத் தாராளமாகத் தெளித்துவைத்திருப்பார்கள். அது இருந்த இடங்களையெல்லாம் உதவியாளர் காட்டியது. தள்ளுபடிப் புலத்தில் எதிர்மறை எண் வந்தால் அது சரக்குத் திரும்பியதைக் குறிக்கிறது என்பதையும் ஊகித்துச் சொன்னது. ஊகம் சரிதானா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டோம். சரிதான். முன்பு ஒரு வாரம் இழுக்கும் வேலை அது.

பறிகொடுக்கக் கூடாத இடத்துக்கும் அதே கடையின் தரவில் ஓர் உதாரணம் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் விஷயம் விவரத்தில்தான் இருக்கிறது.

அந்தப் பழைய மென்பொருளில் வாடிக்கையாளர் பெயர்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோட் முறை பரவுவதற்கு முந்தைய இத்தகைய எழுத்துருக்களில் தமிழ் என்பது வெளித்தோற்றம் மட்டுமே. கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளின் வரிசை. எழுத்துரு அதன்மேல் தமிழ் வடிவங்களை வரைகிறது. எழுத்துருவை எடுத்துவிட்டால் பொருளற்ற ஆங்கிலம்தான் மிஞ்சும். இன்னொரு வேறுபாடும் உண்டு. பழைய முறையில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தட்டச்சு செய்வார்கள். ‘கெ’ என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க. யூனிகோடில் இது நேர்மாறு: க முதலில், கொம்பு பின்னால். பெயர்களை யூனிகோடுக்கு மாற்றி, தேடினால் கிடைக்கும்படி செய்ய வேண்டும் என்பது வேலை. குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். தென்மாவட்டக்காரர், கெட்டிக்காரர், கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார்.

மதியத்துக்குள் வந்து நின்றார்.

“அண்ணா, மாற்றும் நிரல் முடிந்துவிட்டது. டெஸ்ட் எல்லாம் பாஸ்.”

“டெஸ்ட் யார் எழுதியது?”

“அதுவும் அதுதான் எழுதியது, அண்ணா.”

நிரல் பார்வைக்குக் குறையில்லாமல் இருந்தது. எந்த ஆங்கில எழுத்துக்கு எந்தத் தமிழ் எழுத்து என்ற பட்டியல், கொம்புகளை இடம் மாற்றும் பகுதி, கொ, கோ போன்றவற்றைச் சேர்த்து ஒட்டும் பகுதி எல்லாம் ஒழுங்காக இருந்தன. நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்டில் ராஜா, செல்வம், கோமதி, மைதிலி என்று பெயர்கள். பழைய எழுத்துருக்களோடு மல்லுக்கட்டியவர்கள் எல்லோரும் முதலில் தேடிப் பார்க்கும் பெயர் வேறு. நான் ‘கௌரி’ என்று தட்டினேன். யாரும் இல்லை என்று வந்தது. பட்டியலை உருட்டிப் பார்த்தால் ‘கெளரி’ இருக்கிறார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: கௌரி, கெளரி. பல எழுத்துருக்களில் கண்ணால் வித்தியாசம் காண முடியாது. காரணம் எனக்குத் தெரியும், சொல்லவில்லை. “இரண்டும் ஏன் ஒன்றில்லை என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள்” என்று மட்டும் சொன்னேன்.

அவர் முதலில் உதவியாளரிடம்தான் போனார். அதில் தவறில்லை. யூனிகோட் இயல்பாக்கம் செய்யப்படவில்லை, செய்தால் சரியாகிவிடும் என்று அது தன்னம்பிக்கையோடு சொன்னது. அபத்தமான பதில் அல்ல. தமிழில் ‘கொ’ என்பதைக் ககரத்தோடு ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு ஒன்றும் கால் ஒன்றுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். இரண்டையும் ஒன்றாக்குவதற்குத்தான் இயல்பாக்கம் இருக்கிறது. அவர் செய்து பார்த்தார். கெளரி அசையவில்லை. திரும்பக் கேட்டார். வேறு வகை இயல்பாக்கத்தைச் சொன்னது. அதற்கும் அசையவில்லை. மூன்றாவது முறை கேட்டபோது மன்னிப்புக் கேட்டுவிட்டு, முதல் பதிலையே வேறு சொற்களில் கொடுத்தது.

இந்த இடத்தில்தான் குறுக்கிட்டேன். “அதை மூடிவிட்டு, இரண்டு பெயரிலும் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்” என்றேன். பைத்தான் மொழியில் ஒவ்வோர் எழுத்தின் குறியீட்டு எண்ணையும் அச்சிடுவதற்கு ஒரு வரி போதும். முதல் பெயரில் நான்கு எண்கள் வந்தன, இரண்டாவதில் ஐந்து. ‘கௌ’ என்பது 2965, 3020. ‘கெள’ என்பது 2965, 3014, 2995. அவர் 2995 என்ற எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “அண்ணா, இது எழுத்து ள. ஔகாரக் குறியின் பின்பாதி இல்லை” என்றார்.

பழைய எழுத்துருக்களில் ளகரத்துக்கும் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ஒரே விசைதான், ஒரே வடிவம்தான். தட்டச்சு செய்தவர் ‘கௌ’ என்று நினைத்து அடித்தாரா, ‘கெள’ என்று நினைத்து அடித்தாரா என்பது தரவில் இல்லவே இல்லை. யூனிகோடில் ஔகாரப் பின்பாதிக்கு 3031 என்று தனி எண் உண்டு. ளகரம் வேறு, அது வேறு. அதனால்தான் இயல்பாக்கம் தொடவில்லை. தொடவும் கூடாது.

காரணம் தெரிந்ததும் உதவியாளரிடம் திரும்பப் போய்த் தெளிவாகக் கேட்டார். நொடியில் வந்தது திருத்தம்: ஒற்றைக்கொம்பை அடுத்து ளகரம் வந்தால் ஔகாரமாக மாற்று. ஓடவிடப் போனவர் நிறுத்திக்கொண்டார். “வெள்ளையம்மாள் என்ன ஆவாள்?” என்றார். அவருடைய பாட்டியின் பெயராம். அந்த விதியின்படி வெள்ளையம்மாள், வெள்ளைச்சாமி, வெள்ளி எல்லாமே நொறுங்கிப்போகும், ஏனென்றால் அவற்றிலும் கொம்பை அடுத்து ளகரம் இருக்கிறது. ளகரத்தின்மேல் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இருந்தால் தொடக் கூடாது, வெறும் ளகரமாக நின்றால் மட்டும் மாற்ற வேண்டும் என்று விதியை அவரே திருத்தினார். சௌந்தர், பௌலோஸ், கௌதமன் எல்லோரும் சரியாக வந்தார்கள். அப்படியும் பேச்சு வழக்கில் எழுதிய ‘வெளக்குக் கடை’ போன்றவை சிக்கும். அவற்றைத் தானாக மாற்றாமல் தனிப் பட்டியலாக எடுத்துக் கடை ஊழியரிடம் காட்டிக் கேட்கலாம் என்றார். அதுவும் அவர் யோசனைதான்.

நானே முதலில் சொல்லியிருந்தால் ஒரு நிமிட வேலை. உதவியாளரிடம் சரியான கேள்வியை நான் எழுதிக் கொடுத்திருந்தாலும் ஐந்து நிமிடம்தான். அந்த மதியம் வீணா என்று நிர்வாகத்தில் ஒருவர் கேட்டார். சில வாரங்கள் கழித்து வேறொரு டிக்கெட் வந்தது: பில்லில் நீளமான பெயர்கள் வெட்டுப்படும்போது மீனாட்சி சில பில்களில் மீனாட்ச என்று அச்சாகிறார். அந்தப் பெண் நிரலைத் திறப்பதற்கு முன்பே, எழுத்தை எண்ணாமல் குறியீட்டை எண்ணி வெட்டுகிறார்கள் என்று சொல்லிவிட்டார். பார்த்தால் அப்படித்தான் இருந்தது. உதவியாளர் முதல் கேள்விக்கே சரியான பதிலைச் சொல்லியிருந்தால், மீனாட்சி வந்தபோது அவர் மறுபடியும் புதிதாகத்தான் கேட்டிருப்பார்.

இது என் குழுவின் கதை மட்டும் அல்ல. ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2026 தொடக்கத்தில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிளாட் என்ற உதவியாளரை விற்கும் நிறுவனமே இப்படி ஒரு முடிவை வெளியிட்டது கவனிக்கத்தக்கது. 52 நிரலாளர்கள், பெரும்பாலும் இளையவர்கள், தங்களுக்குப் பழக்கமில்லாத டிரையோ என்ற பைத்தான் நூலகத்தைக் கற்று ஒரு வேலையைச் செய்ய வேண்டும். பாதிப்பேருக்கு ஏஐ உண்டு. முடிந்ததும் எல்லோருக்கும் தேர்வு. ஏஐ வைத்திருந்தவர்கள் சராசரியாக 50 சதவீதம் வாங்கினார்கள், இல்லாதவர்கள் 67. பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில்தான் இடைவெளி மிக அதிகம். அதாவது உதவியாளரின் வேலையை மேற்பார்வை செய்ய எந்தத் திறமை வேண்டுமோ, அதுவே முதலில் மெலிகிறது. சரி, வேகமாவது கிடைத்ததா என்றால், சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் ஏஐ வைத்திருந்தவர்களிலேயே ஒரு சிலர் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். நிரலை எழுதித் தரச் சொல்லாமல், இது ஏன் இப்படி, அது எப்படி இயங்குகிறது என்று கருத்தைக் கேட்டவர்கள் அவர்கள்.

துருக்கியில் சுமார் ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணக்குப் பாடத்தில் நடந்த ஆய்வும் இதையே காட்டுகிறது. விடையைக் கொடுத்துவிடும் ஜிபிடியோடு பயிற்சி செய்தவர்கள் பயிற்சியில் 48 சதவீதம் மேலாகச் செய்துவிட்டு, அதைப் பிடுங்கிய பிறகு வைத்த தேர்வில், அதைத் தொட்டே பார்க்காதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். விடை சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த ஜிபிடியோடு படித்தவர்களுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. பள்ளியில் நோட்ஸ் மனப்பாடம் செய்து தேறிய நமக்கு இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை.

ஆகவே கருவி ஒன்றுதான், அமைப்பதில்தான் வேறுபாடு. ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற கணினி அறிமுக வகுப்பில் 2023-இலேயே விடை சொல்லாமல் வழிகாட்டும் ‘வாத்து’ ஒன்றை ஏஐ-யில் செய்து மாணவர்களிடம் விட்டார்கள். மேசைமேல் ஒரு ரப்பர் வாத்தை வைத்துக்கொண்டு, நிரலை வரி வரியாக அதனிடம் விளக்கினால் பிழை தானே புலப்படும் என்பது நிரலாளர்களிடம் பழைய வழக்கம். அந்த வாத்துக்குத்தான் வாய் முளைத்திருக்கிறது. 2025-இல் சாட்ஜிபிடியில் படிப்பதற்கென்று ஒரு முறை வந்தது. கிளாட்டின் நிரல் எழுதும் கருவியான கிளாட் கோடில் கற்றல் முறை ஒன்று உண்டு. நிரலின் முக்கியமான சில வரிகளை எழுதாமல், ‘இதை நீங்கள் எழுதுங்கள்’ என்று காலியாக விட்டுவைக்கும். எங்கள் புதியவர்களுக்கு அந்த அமைப்பைத்தான் போட்டுக் கொடுக்கிறேன். ஒரே சொடுக்கில் அதை மாற்றிவிட முடியும் என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். காவல் காக்க எனக்கு நேரமில்லை. எழுதிய நிரலை நான் படித்துப் பார்க்கும் ரிவ்யூவில் எப்படியும் தெரிந்துவிடும்.

ரிவ்யூவைத்தான் இப்போது வகுப்பறையாக வைத்திருக்கிறேன். யார் எழுதியது என்று கேட்பதில்லை. அது அநாவசியமான கேள்வி. நிரலில் ஏதாவது ஒரு வரியைக் காட்டி, இதை எடுத்துவிட்டால் என்ன உடையும் என்று கேட்பேன். பதில் தெரிந்தால் அது அவருடைய நிரல். தெரியாவிட்டால் திரும்பப் போய்த் தெரிந்துகொண்டு வர வேண்டும். உதவியாளரிடமே கேட்டாலும் சரி. டெஸ்டுகளில் முதல் சிலவற்றை, எதிர்பார்க்கும் விடையோடு, நிரல் எழுதுவதற்கு முன்பே கையால் எழுதிவிட வேண்டும். உதவியாளரே நிரலும் எழுதி அதற்கு டெஸ்டும் எழுதினால், நிரலில் எந்தத் தவறான புரிதல் இருக்கிறதோ அதே புரிதல் டெஸ்டிலும் உட்கார்ந்துகொள்ளும். கௌரி அப்படித்தான் தப்பித்தார். வெள்ளையம்மாளை எந்த உதவியாளரும் டெஸ்டில் சேர்க்கப்போவதில்லை. அந்தப் பெயர் அந்த வீட்டில் இருந்தது.

புதிய நூலகம் எதையும் பெயரை மட்டும் பார்த்து நிறுவக் கூடாது என்பதும் கட்டாயம். இல்லாத நூலகத்தின் பெயரை இருப்பதாக உதவியாளர்கள் சொல்வது சகஜம். பல ஏஐ மாதிரிகளை வைத்து 5,76,000 நிரல்களை எழுதவைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், பரிந்துரைக்கப்பட்ட நூலகங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று கற்பனை. அந்தக் கற்பனைப் பெயர்களிலேயே விஷமிகள் நச்சு நிரலைப் பதிவேற்றிவிட்டு, எவராவது நிறுவுவார் என்று காத்திருக்கலாம்.

மூத்தவர்களுக்கும் இதில் ஒரு தலைவலி உண்டு, அதைப் பற்றி யாரும் ஸ்லைடு போடுவதில்லை. எழுதுவது மலிவாகிவிட்டதால், ரிவ்யூவுக்கு அனுப்பும் மாற்றங்களான புல் ரிக்வெஸ்ட்டுகள் ஊதிப்போய்விட்டன. முன்பு நாற்பது வரியில் வந்த மாற்றம் இப்போது நானூறு வரியில், அழகான விளக்கத்தோடு, தேவையில்லாத மூன்று உதவிச் செயல்களோடு வருகிறது. எழுதியவர் மிச்சம்பிடித்த நேரத்தைப் படிப்பவர் செலவழிக்கிறார். மென்பொருள் குழுக்கள் வேலை செய்யும் விதத்தை ஆராயும் கூகுளின் டோரா குழு 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், ஏஐ பயன்பாடு கூடும்போது மென்பொருள் வெளியீட்டின் நிலைத்தன்மை குறைவதாக மதிப்பிட்டிருந்தார்கள். மாற்றங்கள் பெரிதாவதை ஒரு காரணமாக ஊகித்தார்கள். எங்கள் அனுபவமும் அதுதான். ஆகவே ஓர் அளவுக்கு மேல் போனால் படிக்காமலேயே திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

பீட்டர் நவுர் என்ற டென்மார்க் கணினி அறிஞர் 1985-இல் ஒரு கட்டுரையில் சொன்னது இப்போதுதான் சுடுகிறது. நிரல் என்பது எழுதிவைத்த வரிகள் அல்ல, அதை உருவாக்கியவர்கள் மனத்தில் இருக்கும் புரிதல்தான் நிரல். அந்த ஆட்கள் போய்விட்டால், வரிகள் அப்படியே இருந்தாலும் நிரல் செத்துவிடும் என்பது அவருடைய வாதம். எங்கள் கடைத்தெரு பில்லிங் மென்பொருள்கள் அப்படித்தான் செத்தன. ஆனால் அவற்றைப் பற்றி அப்படி ஒரு புரிதல் கொண்ட ஒருவராவது ஒரு காலத்தில் இருந்தார். யாருமே புரிந்துகொள்ளாமல் பிறக்கும் நிரலை என்னவென்று சொல்வது? ஏஐ ஆய்வாளர் ஆண்ட்ரே கார்பதி 2025 பிப்ரவரியில், நிரலைப் படிக்காமலேயே ஏஐ தருவதை ஏற்றுக்கொள்வதற்கு ‘வைப் கோடிங்’ என்று பெயர் வைத்ததும் வார இறுதியில் விளையாட்டாகச் செய்யும் சிறு வேலைகளைப் பற்றித்தான். பிறகு அதை வேலைக்கான விளம்பரத்திலேயே போட ஆரம்பித்துவிட்டார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், இந்தக் கருவியைப் புதியவர்களிடமிருந்து பிடுங்கிவிட வேண்டும் என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். அதற்குக் காரணம் உற்பத்தித்திறன் அல்ல. நம் அலுவலகங்களில் கேள்வி கேட்பதற்கு இருக்கும் பயம்.

தமிழ் வழியில் படித்து, மாவட்டத் தலைநகரம் ஒன்றின் பொறியியல் கல்லூரியிலிருந்து வரும் பையனுக்கு, கூட்டத்தில் ஆங்கிலத்தில் ஒரு சந்தேகத்தைக் கேட்பது எவ்வளவு கடினம் என்பது அதைக் கடந்து வந்தவர்களுக்குத்தான் தெரியும். ‘இதுகூடத் தெரியாதா?’ என்ற ஒரு பார்வை போதும், அடுத்த ஆறு மாதம் வாயை மூடிக்கொள்வார். உதவியாளரிடம் அந்தப் பார்வை கிடையாது. இரவு பதினொரு மணிக்கு, விடுதி அறையில், தமிழிலேயே, ஒரே கேள்வியைப் பத்து விதமாகக் கேட்கலாம். அதன் தமிழ் சில சமயம் பாடநூல்போல விறைத்துக்கொண்டு நிற்கும், ஆனாலும் புரியும்.

தமிழில் கேட்பதற்கு ஆகும் செலவும் குறைந்திருக்கிறது. இந்த மாதிரிகள் வாக்கியத்தை டோக்கன் என்ற துண்டுகளாக உடைத்துத்தான் படிக்கின்றன. துண்டு கூடக் கூடக் கட்டணம் கூடும், பதில் தாமதமாகும். தமிழ் வெகுகாலம் பொடிப்பொடியாக உடைந்துகொண்டிருந்தது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது, அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ காட்டிய மாதிரி வாக்கியம் தமிழில் முன்பு 116 டோக்கன், புதிய முறையில் 35.

ஒரே ஓர் எச்சரிக்கைதான் சொல்லிவைக்கிறேன். அது பயமுறுத்தாது, ஆனால் மறுத்தும் பேசாது. ‘நான் நினைப்பது சரிதானே?’ என்று கேட்டால் சரி என்றுதான் பெரும்பாலும் வரும். ஆகவே கேள்வியைத் திருப்பிப் போடச் சொல்கிறேன்: ‘நான் இப்படி நினைக்கிறேன், இது எந்த இடத்தில் தோற்கும், ஓர் உதாரணம் கொடு.’ இப்படிக் கேட்கப் பழகியவர்கள் சில மாதங்களில் என்னிடமும் அப்படியே கேட்க ஆரம்பிக்கிறார்கள். கூட்டத்தில் வாய் திறக்காத அந்தப் பெண், போன மாதம் என்னுடைய ஒரு வடிவமைப்பைக் குறித்து எல்லோர் முன்னாலும், “அண்ணா, ஒரே நேரத்தில் இரண்டு கடை ஊழியர்கள் ஒரே பில்லைத் திறந்தால் இது எந்த இடத்தில் தோற்கும்?” என்றார். தோற்கும் இடம் இருந்தது. ஒரு மணி நேரம் அதைப் பற்றித்தான் பேசினோம்.

வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வையும் மாற்றிவிட்டேன். முன்பெல்லாம் ஒரு புதிரைக் கொடுத்து, காகிதத்தில் நிரல் எழுதச் சொல்வோம். இப்போது உதவியாளர் எழுதிய, டெஸ்டுகளெல்லாம் பாஸாகும் ஒரு நிரலைக் கொடுக்கிறேன். அதில் ஒரு கோளாறு இருக்கும். லேப்டாப்பையும் கொடுத்து, எந்த ஏஐ-யை வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிறேன். நிரலைப் படிக்கும் முன்பே அப்படியே ஒட்டி, ‘இதில் என்ன பிழை?’ என்று கேட்பவர்கள்தான் அதிகம். வரும் பட்டியலில் ஏழெட்டுப் பிழைகள் இருக்கும்; பாதி பிழையே அல்ல. அந்தப் பட்டியலை என்னிடம் அப்படியே வாசிப்பவரை அனுப்பிவிடுகிறேன். ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து, இது இல்லை, இதுவும் இல்லை என்று அடித்துக்கொண்டே வருபவர் கடைசிவரை கோளாறைக் கண்டுபிடிக்காவிட்டாலும் அடுத்த சுற்றுக்கு அழைக்கிறேன். ஒரு ஆளுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது, இப்படியே போனால் கல்லூரியில் ஒரே நாளில் தேர்வை முடிக்க முடியாது என்று மனிதவளத் துறையில் குறைபட்டுக்கொள்கிறார்கள். இந்த வருடம் இரண்டு நாள் கேட்டிருக்கிறேன்.